பச்சை விளக்கை நம்பலாமா? மாடல் ரயில் பாயிண்ட் வயரிங்கும் நிஜ ரயில் பாயிண்டும்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுல மாடல் ரயில் பத்தி ரெண்டு நிமிஷம்தான் பேசினேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே இடத்துல வந்து நிக்குது: பாயிண்ட். "தண்டவாளம் நல்லா இருக்கு, இஞ்சின் நல்லா இருக்கு, பாயிண்ட் மேல வந்ததும் வண்டி நின்னுடுது." "பட்டனை அமுக்கினா டிக்னு சத்தம் வருது, ஆனா தடம் மாறல." "ஒரு பக்கம் திருப்பினா மட்டும் ஷார்ட் ஆகுது." அதனால இன்னிக்கு முழுக்க பாயிண்ட் வயரிங்தான்.

எனக்கு மாடல் ரயில் இல்லையேன்னு நினைக்கிறவங்களும் கடைசி வரைக்கும் கேளுங்க. 2023 ஜூன் 2-ம் தேதி சென்னைக்கு வந்துகிட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நடந்ததும் அடிப்படையில ஒரு பாயிண்ட் வயரிங் பிரச்சனைதான். மேஜை மேல இருக்கிற பொம்மை பாயிண்டைப் புரிஞ்சுகிட்டா, அந்த விபத்து விசாரணை அறிக்கை என்ன சொல்லுதுன்னும் புரியும்.

பாயிண்ட்ல என்னென்ன இருக்கு?

காஞ்சிபுரம் ஸ்டேஷன் செங்கல்பட்டு – அரக்கோணம் பாதையில இருக்கு. ஒற்றைப் பாதை. எதிர்ல ஒரு வண்டி வந்தா ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல ஒண்ணு ஒதுங்கி நிக்கணும். "கிராஸிங்குக்கு நிக்குது"ன்னு நாம சலிச்சுக்கிறது அதுக்குத்தான். அந்த ஒதுங்கலுக்கு லூப் லைன். மெயின் லைன்ல இருந்து லூப் லைனுக்கு வண்டியைத் திருப்புறது பாயிண்ட்.

பாயிண்டோட நகரும் பகுதி ரெண்டு கூரான தண்டவாளங்கள். நாக்குன்னு வச்சுக்கலாம். இது ஒரு பக்கம் ஒட்டினா நேர் பாதை, மறுபக்கம் ஒட்டினா லூப். கொஞ்சம் தள்ளி ரெண்டு பாதையோட உள் தண்டவாளங்களும் ஒரு இடத்துல வெட்டிக்கும். மாடல் ரயில்காரங்க அதை ஃபிராக்னு சொல்வாங்க. நிஜ ரயில்ல அது வெறும் இரும்பு. மாடல் ரயில்ல தண்டவாளத்துலயே கரண்ட் போகுது, ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். அப்ப ஃபிராக் பிளஸ்ஸா மைனஸ்ஸா? நேர் பாதைக்கு ஒண்ணு, லூப்புக்கு இன்னொண்ணு. மாடல் பாயிண்ட்ல பாதி தலைவலி இங்கிருந்துதான் வருது. மீதி, நாக்கை நகர்த்துற மோட்டார்ல இருந்து.

வயரைத் தொடுறதுக்கு முன்னாடி விரல்

முதல் சோதனைக்கு மல்டிமீட்டர் வேணாம். அடாப்டரை பிளக்ல இருந்து உருவிட்டு, நாக்கை விரலால தள்ளிப் பாருங்க. ரெண்டு பக்கமும் தண்டவாளத்தோட முழுசா ஒட்டுதா? நடுவுல பசை, ஜல்லித் துகள், நூல் ஏதாவது சிக்கியிருக்கா? மோட்டாரோட கம்பி துளைக்கு நடுவுல இருக்கா, ஒரு ஓரத்துல இடிக்குதா? "கரண்ட் பிரச்சனை"ன்னு வர்றதுல நிறைய இங்கேயே முடிஞ்சுடும்.

இது நிஜ ரயிலுக்கும் பொருந்தும். 2024 அக்டோபர் 11-ம் தேதி கவரைப்பேட்டையில மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனுக்கு சிக்னல் இருந்தும் லூப் லைனுக்குள்ள போய் நின்னுகிட்டிருந்த சரக்கு ரயில் மேல மோதிச்சு. பஹாநாகா நடந்து ஒண்ணரை வருஷம்கூட ஆகலைங்கிறதால, எல்லாரும் உடனே "இதுவும் வயரிங்தான்"னு பேசினோம். விசாரணையோ பாயிண்டோட இயந்திர பாகங்கள் கழற்றப்பட்டிருந்ததைப் பத்திப் போச்சு. அறிகுறி ஒண்ணா இருந்தா காரணமும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

காயில் மோட்டார்: ஏன் எரியுது?

பழைய வகை, விலை குறைஞ்ச வகை, ரெண்டு காயில் மோட்டார். ஒரு காயிலுக்கு கரண்ட் கொடுத்தா இரும்புக் கம்பியை இடது பக்கம் இழுக்கும், இன்னொண்ணு வலது பக்கம். மூணு வயர்: இடது, வலது, ரெண்டுக்கும் பொதுவான ஒண்ணு.

காயிலோட எதிர்ப்பு சில ஓம்தான். 4 ஓம்னு வச்சுக்குவோம். 16 வோல்ட் கொடுத்தா 4 ஆம்பியர், அதாவது 64 வாட். விரல் அளவு காயிலுக்கு இது பெரிய சூடு. ஒரு கண நேரம் கொடுத்தா ஒண்ணும் ஆகாது. சாதாரண ஆன் – ஆஃப் ஸ்விட்ச் போட்டு ஆன்லயே விட்டா புகைதான். அதனால விரலை எடுத்ததும் தானா விடுபடுற பட்டன்தான் போடணும்.

அந்த பட்டனும் ஒட்டிக்கலாம். அதுக்குத்தான் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட். ஒரு பெரிய கெபாசிட்டர் மெதுவா சார்ஜ் ஆகி, பட்டனை அமுக்கினதும் மொத்தத்தையும் ஒரே அடியா காயிலுக்குக் கொடுக்கும். 4700 மைக்ரோஃபேரட், 22 வோல்ட்னு போட்டா உள்ள இருக்கிற சக்தி ஒரு ஜூலுக்குக் கொஞ்சம் மேல. பட்டன் ஒட்டிக்கிட்டாலும் காயிலுக்குப் போறது அந்த ஒரு ஜூலும், அதுக்கப்புறம் ஒரு சின்னக் கசிவும்தான். நேரடியா கொடுத்தா நொடிக்கு 64 ஜூல். காயில் பிழைக்குமா எரியுமாங்கிறது இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

"டிக்னு கேக்குது, ஆனா மாறல"ன்னா என்ன அர்த்தம்? சக்தி போதல. பெரும்பாலும் வயர் மெலிசு. 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 5 மீட்டர் தூரத்துக்கு இழுத்தா, போக வர 10 மீட்டர், எதிர்ப்பு கிட்டத்தட்ட 0.85 ஓம். 4 ஓம் காயிலோட சேர்த்தா கரண்ட் 3.3 ஆம்பியருக்கு இறங்கிடும். காயிலுக்குக் கிடைக்கிறது 64 வாட் இல்ல, 43 வாட் சொச்சம். மூணுல ஒரு பங்கு வழியிலேயே போச்சு. அதே இடத்துல வீட்டு வயரிங்குக்கு வாங்குற 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டா 59 வாட் கிடைக்கும்.

பாதியா வெட்டு, மாத்திப் பாரு

சாஃப்ட்வேர்ல ஒரு பக் எந்தக் கமிட்ல வந்ததுன்னு தேட, நடுவுல இருக்கிற கமிட்டை எடுத்துப் பார்ப்போம். அங்க நல்லா இருந்தா பின்பாதியில தேடு, இல்லன்னா முன்பாதியில தேடு. வயரிங்லயும் அதேதான். அடாப்டர், டிஸ்சார்ஜ் யூனிட், பட்டன், வயர், கனெக்டர், காயில், திரும்பி வர்ற பொது வயர். ஏழு இடம். ஒவ்வொண்ணா வரிசையா பார்க்காதீங்க. பலகைக்கு அடியில இருக்கிற கனெக்டர்ல முதல்ல பாருங்க. அங்க சரியா வந்தா பிரச்சனை காயில்லயோ பொது வயர்லயோ. வரலன்னா பட்டன் பக்கம்.

மல்டிமீட்டரே இல்லாம பண்ற ஒரு சோதனையும் இருக்கு. இடது வேலை செய்யுது, வலது வேலை செய்யலன்னு வைங்க. மோட்டார்கிட்ட அந்த ரெண்டு வயரையும் இடம் மாத்திக் குத்துங்க. இப்ப வலது காயில் வேலை செஞ்சா, காயில் நல்லா இருக்கு, கோளாறு வயர்லயோ பட்டன்லயோ இருக்கு. வயரை மாத்தியும் அதே வலது காயில்தான் செத்துக் கிடக்குன்னா, காயில் போச்சு. ரெண்டுமே ஆரம்பத்துலயே வேலை செய்யலன்னா பொது வயர், இல்லன்னா அடாப்டர்.

மீட்டர் 16 வோல்ட் காட்டுது, மோட்டார் அசையல

இது எல்லாரையும் குழப்புற கேஸ். மீட்டர் பொய் சொல்லல, அதுகிட்ட நாம கேட்ட கேள்விதான் தப்பு.

ஒரு சால்டரிங் சரியா பிடிக்கலைன்னு வைங்க. வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள 20 ஓம் எதிர்ப்பு. டிஜிட்டல் மீட்டர் எடுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால அந்த 20 ஓம்ல வோல்டேஜ் இறங்கவே இறங்காது, 16 வோல்ட்னு காட்டும். காயிலை மாட்டினதும் மொத்தம் 24 ஓம், கரண்ட் 0.67 ஆம்பியர், காயிலுக்குக் கிடைக்கிறது 2.7 வோல்ட். எப்படி அசையும்?

அதனால சுமையோட சோதிங்க. பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், அந்த மஞ்சள் குண்டு பல்புதான். காயிலைக் கழட்டிட்டு அந்த இடத்துல பல்பை மாட்டுங்க, 12 வோல்ட் அடாப்டர்ல இருந்து நேரா கரண்ட் கொடுங்க. நல்லா எரிஞ்சா வயர் ஓகே. மங்கலா எரிஞ்சா எங்கேயோ ஜாயிண்ட் சரியில்ல. எல்.இ.டி. பல்பு வைக்காதீங்க. அதுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும், கெட்ட ஜாயிண்ட் வழியாவும் ஜம்முனு எரியும்.

ஷார்ட் ஆகுது: எப்போ?

ஷார்ட்ல முதல் கேள்வி, எப்போங்கிறது.

வண்டியே இல்லாம, பாயிண்டை ஒரு பக்கம் திருப்பினதும் ஷார்ட் ஆகுதா? அப்ப ஃபிராக்குக்கு அப்பால இருக்கிற உள் தண்டவாளத்துல பிளாஸ்டிக் ஜாயினர் போட விட்டிருக்காங்க. அந்தப் பக்கத்துல இருந்து வேற துருவம் ஃபிராக்குக்குள்ள வருது. ஜாயினரை மாத்தினா முடிஞ்சது.

ஃபிராக்கை எல்லாப் பக்கமும் பிரிச்சு அதுக்குத் தனி வயர் கொடுத்த பாயிண்ட்ல, சக்கரம் ஃபிராக் மேல ஏறும்போது மட்டும், ரெண்டு பாதையிலயும் ஷார்ட் ஆகுதா? ஃபிராக் வயரை மாத்துற ஸ்விட்ச்ல பிளஸ்ஸும் மைனஸும் உல்டா. அந்த ரெண்டு வயரை மட்டும் இடம் மாத்துங்க.

ஷார்ட் இல்ல, ஆனா சின்ன இஞ்சின் மட்டும் நிக்குதா? உங்க ஃபிராக் பிளாஸ்டிக்கா இருக்கலாம், அந்த இடத்துல கரண்ட் கிடையாது. சக்கரங்களுக்கு நடுவுல தூரம் கம்மியான இஞ்சின் அதைத் தாண்டாது. ஃபிராக் உலோகமா இருந்தா, நாக்கு ஒட்டுற இடத்துல அழுக்கு. நம்ம ஊர்ல வெயில்காலத் தூசி, அப்புறம் மழைக்கால ஈரம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பஞ்சுல நனைச்சுத் துடைங்க. நிரந்தரமா தீரணும்னா, கரண்டுக்கு நாக்கோட தொடுதலை நம்பாம, மோட்டாரோட சேர்ந்து நகர்ற தனி ஸ்விட்ச்ல இருந்து கரண்ட் கொடுங்க.

சர்வோ மோட்டார், ஆர்டுயினோ வச்சுப் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. சர்வோ நடுங்கிச்சுன்னா முதல்ல கோடைப் பார்க்காதீங்க. ஆர்டுயினோ போர்டோட 5 வோல்ட் பின்ல இருந்தே சர்வோவுக்கும் கரண்ட் எடுத்திருப்பீங்க. சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்க. ரெண்டோட கிரவுண்டையும் மறக்காம சேர்த்துக் கட்டுங்க.

பேனல் விளக்கு யார் சொன்னதைக் காட்டுது?

பிள்ளையார்பாளையத்துல என் நண்பன் ஒருத்தன் மொட்டை மாடி ரூம்ல 8 அடிக்கு 4 அடி பலகையில ஒரு லேஅவுட் வச்சிருக்கான். அழகா ஒரு பேனல், ஒவ்வொரு பாயிண்டுக்கும் பச்சை, மஞ்சள் எல்.இ.டி. ஒருநாள் பச்சை எரியுது, வண்டி நேரா லூப்புக்குள்ள போய் நின்னுகிட்டிருந்த பெட்டி மேல இடிச்சுது. பேனலைத் திறந்து பார்த்தோம். எல்.இ.டி. பட்டனோட இணைச்சிருக்கு. அதாவது "நேரா போன்னு சொல்லியாச்சு"ன்னுதான் விளக்கு சொல்லுது. பாயிண்ட் நேரா போச்சா? அது விளக்குக்குத் தெரியாது.

சாஃப்ட்வேர்காரங்களுக்கு இது நல்லா தெரிஞ்ச வியாதி. கோரிக்கையை அனுப்பினதும் "வெற்றி"ன்னு திரையில காட்டுறது. சர்வர்ல என்ன ஆச்சுன்னு கேட்கவே இல்ல.

சரியான வழி, நாக்கோட நகர்ற ஒரு ஸ்விட்ச்ல இருந்து விளக்குக்கு வயர் இழுக்கிறது. நாக்கு நேரா போய் ஒட்டினாதான் பச்சை. நடுவுல நின்னா ரெண்டும் அணைஞ்சு இருக்கணும்.

நிஜ ரயில்ல இதைக் கட்டாயமாவே வச்சிருக்காங்க. நம்ம நாட்டுல பாயிண்ட் மெஷின் பொதுவா 110 வோல்ட் டி.சி.யில ஓடும். நாக்கை நகர்த்துறது ஒரு சர்க்யூட், நாக்கு எங்க இருக்குன்னு சொல்றது தனி சர்க்யூட். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர் தகட்டை வச்சு சோதிப்பாங்க. அந்த இடைவெளி இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கவும் கூடாது, "சரியா இருக்கேன்"னு சொல்லவும் கூடாது. சொல்லலன்னா பச்சை சிக்னல் விழாது.

வயர் அறுந்தாலும் அப்படித்தான். கரண்ட் வர்ற வரைக்கும்தான் ரிலே மேல நிக்கும், நின்னா கீழ விழும், சிக்னல் சிவப்பாகும். கெட்டுப்போனா பாதுகாப்பான பக்கமா கெட்டுப்போகணும்ங்கிறதுதான் அந்த வடிவமைப்போட விதி.

அறுந்த வயர், மாறின வயர்

அப்புறம் எப்படி பஹாநாகா பஜார் நடந்துச்சு?

ஒடிசாவுல பாலசோர் மாவட்டத்துல இருக்கிற ஸ்டேஷன் அது. ஷாலிமார்ல இருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்த கோரமண்டலுக்கு மெயின் லைன்ல போக பச்சை சிக்னல். ஆனா மெயின் லைனையும் லூப் லைனையும் இணைக்கிற 17-ம் நம்பர் கிராஸ் ஓவர் லூப்புக்குத் திரும்பியிருந்துச்சு. மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்துல லூப்புக்குள்ள போய், நின்னுகிட்டிருந்த சரக்கு ரயிலோட பின்பக்கத்துல மோதிச்சு. சிதறின பெட்டிகள் மேல எதிர்ல வந்த பெங்களூரு – ஹவுரா வண்டியும் இடிச்சுது. 296 பேர் இறந்தாங்க. ஆயிரத்துக்கு மேல காயம்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரோட விசாரணை முடிவு 2023 ஜூலையில நாடாளுமன்றத்துல வெளியாச்சு. அந்த ஸ்டேஷனோட வடக்கு சிக்னல் அறையில முன்னாடி செஞ்ச சர்க்யூட் மாற்றத்துல குறை. விபத்துக்கு முன்னாடி, 94-ம் நம்பர் லெவல் கிராஸிங்ல மின்சாரத் தடுப்பை மாத்துற வேலையில இன்னொரு குறை. வயர் முனைகள்ல எழுதியிருந்த பேர்கள் தப்பா இருந்ததும் அறிக்கையில வந்துச்சு. எந்த வயரும் அறுந்து தொங்கல. தப்பான வயர் வழியா "நேரா இருக்கேன்"ங்கிற பதில் ஒழுங்கா, முழு வோல்டேஜோட போச்சு. மேல இருந்த மின்னணு இன்டர்லாக்கிங் அதை நம்பி பச்சை கொடுத்துச்சு.

இதைக் காஞ்சிபுரத்துக்காரங்களுக்குச் சொல்றது சுலபம். தறியில பழைய பாவு முடிஞ்சதும், புதுப் பாவோட ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொண்ணா பழைய இழையோட முறுக்கிச் சேர்ப்பாங்க. நெசவு நடக்கும்போது ஒரு இழை அறுந்தா துணியில இடைவெளி விழும், உடனே தெரியும், நிறுத்தி முடிச்சுப் போடுவாங்க. இழை இடம் மாறிச் சேர்ந்திருந்தா தறி நிக்காது. சேலை வளர்ந்துகிட்டே போகும், தப்பும் கூடவே வரும். எங்க பெரியப்பா தறியில உக்காரும்போது முதல் சில அங்குலத்தை நெஞ்சதும் எந்திரிச்சு வந்து, கரையையும் புட்டாவையும் வெளிச்சத்துல பிடிச்சு டிசைனோட ஒப்பிட்டுப் பார்ப்பார். "ஓடுதில்ல பெரியப்பா, அப்புறம் என்ன?"ன்னு கேட்டா, "ஓடுறது வேற, சரியா ஓடுறது வேறடா"ம்பார்.

ரயில்வேயிலயும் அப்படி ஒரு சோதனை இருக்கு, கரஸ்பாண்டன்ஸ் டெஸ்ட். பேனல்ல காட்டுறதும் தரையில பாயிண்ட் நிக்கிறதும் ஒண்ணாங்கிறதை நேர்ல பார்த்து உறுதி பண்றது. விசாரணை இன்னொண்ணையும் சொல்லுது. 2022 மே 16-ம் தேதி, தென்கிழக்கு ரயில்வேயிலயே பாங்க்ரா நயாபாஜ் ஸ்டேஷன்ல சிக்னல் காட்டின பாதை ஒண்ணு, வண்டி போன பாதை இன்னொண்ணு. காரணம், தப்பான வயரிங்கும் கேபிள் கோளாறும். அந்த எச்சரிக்கையை எடுத்துகிட்டு சரிபண்ணியிருந்தா பஹாநாகா நடந்திருக்காதுன்னு அறிக்கை சொல்லுது.

உங்க பலகைக்கு நாலு பழக்கம்

ஒண்ணு, எல்லா வயருக்கும் ரெண்டு முனையிலயும் பேர் ஒட்டுங்க. வயரை மாத்தின அன்னிக்கே பேரையும் மாத்துங்க, நாளைக்குன்னு விடாதீங்க. தப்பான பேர் இருக்கிறதுக்குப் பேரே இல்லாம இருக்கலாம். பேர் இல்லன்னா மீட்டர் வச்சுத் தேடுவோம், தப்பான பேர் இருந்தா தேடவே மாட்டோம்.

ரெண்டு, ஒரு கலருக்கு ஒரு வேலை. பொது வயர் கருப்புன்னா பலகை முழுக்க கருப்பு. கருப்பு தீர்ந்துபோச்சுன்னு பச்சையை எடுக்காதீங்க, கடைக்குப் போங்க.

மூணு, படத்தைப் புதுப்பிங்க. நோட்டுல பென்சில் படம் போதும், தேதி மட்டும் எழுதுங்க.

நாலு, எதைத் தொட்டாலும் முடிச்சதும் ரெண்டு நிலையிலயும் சோதிங்க. ஒருத்தர் பேனல்கிட்ட நின்னு விளக்கைச் சொல்லணும், இன்னொருத்தர் பேனலைப் பார்க்காம பாயிண்டைப் பார்த்துச் சொல்லணும். ரெண்டு பேரும் சொல்றது ஒத்துப்போகணும். நீங்க தொட்ட பாயிண்டை மட்டும் இல்ல, அதே கேபிள்ல போற மத்ததையும் பாருங்க. நண்பன் லேஅவுட்ல இப்படிப் பார்த்தப்ப, எல்.இ.டி. பிரச்சனையோட சேர்த்து இன்னொரு பாயிண்டும் சிக்குச்சு. ரெண்டு வயர் இடம் மாறியிருக்கு. அந்தப் பக்கம் அவன் வண்டி விட்டதே இல்ல, அதனால மாசக்கணக்கா தெரியல.

இந்த வாரம் உங்க பலகையில அதிகம் பயன்படுத்தாத பாயிண்ட்ல இருந்து ஆரம்பிங்க. வயர் படத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, சுவாரஸ்யமான கோளாறுகளை அடுத்த எபிசோடுல எடுத்துப் பேசுவோம்.